ஊர் சிரிக்க வேண்டிய நாள்

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ஒரே ஒரு போலீஸ்காரர். அந்தப் போலீஸ்காரருக்கு ஒரே ஒரு கால். ஊரின் பெயர் கிறுக்கலூர். யாரோ கைக்கு வந்தபடி கரியால் இழுத்துவிட்டு அழிக்க மறந்துபோன மாதிரியான ஊர். வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும், சூரியனுக்கு மீசை உண்டு, மலைக்கு நிழல் கிடையாது. போலீஸ்காரரின் பெயர் பொன்னுரங்கம், ஏட்டு. இப்போது காலை பத்து மணி. நாலு ரோடு சந்திப்பில், குடை நட்ட மேடைமேல், வலது கக்கத்தில் கட்டையும் வாயில் விசிலுமாக நிற்கிறார். பதினொரு மணிக்கு ரோடு ரோலர் வரும். வந்து அவர்மேல் ஏறும். ஏறும்போது ஊர் சிரித்தால் ஆறு வருஷத்துக்கு முன் போன வலது கால் திரும்ப வரும். சிரிக்காவிட்டால் இருக்கிற இடது காலும் போய்ச் சேரும். அவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நூறு தரம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்வதும் யோசனைதானே என்பது நூற்றோராவது தரம்தான் அவருக்கு உறைத்தது.

கிறுக்கலூரில் அடிபடாமல் பொழுது போகாது. பீரோ விழும், பாறை உருளும், அடுப்பு வெடிக்கும், நடக்கிறவர்கள் வழுக்கி மூன்று தெரு தள்ளிப் போய் யார் வீட்டுச் சாம்பார்ச் சட்டியிலோ விழுவார்கள். விழுந்தவன் அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடப்பான். பார்த்தவர்கள் பத்து எண்ணுவதற்குள் சிரித்துவிட்டால் போதும், பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து நடப்பான். பத்து தாண்டினால் தாண்டியதுதான். அதற்காகத்தான் போலீஸ். மற்ற ஊரில் போலீஸ் கூட்டத்தைக் கலைக்கும், இந்த ஊரில் கூட்டம் சேர்த்துச் சிரிக்க வைக்கும். இதோ இப்போதுகூட எதிர்மாடியிலிருந்து ஒரு கிரைண்டர், கல்லோடும் வயரோடும் பாதி அரைத்த மாவோடும், தபால்காரர் தலையில் இறங்கியது. பொன்னுரங்கம் யோசிக்கவே இல்லை. கை தானாக உயர்ந்தது, போகிற வண்டிகள் நின்றன, விசில் ஒரே நீளமாக ஒரு முறை. நாலு ரோடும் சிரித்தது. தபால்காரர் நடைபாதையிலிருந்து தன்னைத் தானே உரித்தெடுத்து, காதிலிருந்த மாவை விரலால் வழித்துக்கொண்டே மேடைக்கு வந்தார். "இன்னைக்கு உங்களுக்குன்னுதான் ஏட்டய்யா வெறும் வயித்தோட வந்திருக்கேன். சாப்பிட்டா சிரிப்பு தொண்டையில நிக்கும்." சொல்லும்போது குரல் தழைந்தது. கண் கட்டைமேல் போய், சுட்டதுபோலத் திரும்பியது. இதுதான். இதைத்தான் பொன்னுரங்கம் ராத்திரி பகலாக வெறுக்கிறார். கிரைண்டருக்கு அடியில் கிடந்து எழுந்து வருகிறவன், இன்னும் காதில் மாவோடு நிற்கிறவன், அவனுக்குத் தன்னைப் பார்த்து ஐயோ பாவம். ஐயோ பாவம் என்று நினைக்கிறவன் பதினொரு மணிக்கு எப்படிச் சிரிப்பான்? வெறும் வயிறாக இருந்தால் என்ன, பந்தி சாப்பிட்டு வந்தால் என்ன?

வெயில் மஞ்சளாக, தார் ரோட்டின் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்து கிடந்தது. இல்லாத வலது குதிகாலில் அரிப்பெடுத்தது. கால் இல்லை என்று சொல்வதும் சரியில்லை, கால் இதோ மேடைக்குப் பக்கத்தில், மனைவி ராஜாமணியின் பழைய சுங்குடிப் புடவையில் பாய் மாதிரி சுருட்டிச் சாத்தி வைத்திருக்கிறது. ஆறு வருஷம் பரணில் கொலு பொம்மைகளுக்கு நடுவே கிடந்தது. அரிப்பு தாங்காமல் ஒரு நாள் அதை இறக்கிப் பிரித்து, சீப்பின் பின்புறத்தால் குதிகாலைச் சொறியச் சொன்னார். அவள் சொறிந்தாள், காகிதத்தில் எலி ஓடுகிற மாதிரி சத்தம் வந்தது, அரிப்பு மட்டும் போகவில்லை. போன மாசம் இறக்கிப் பார்த்தபோது இரண்டு விரலைப் பூச்சி தின்றிருந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது என்றார் கம்பவுண்டர். நடந்தது நடந்தபடியே இன்னொரு தரம் நடந்தால், அதே இடம், அதே ரோலர், காலை அதன் இடத்தில் பொருத்தி வைத்து, இந்த முறையாவது ஊர் சிரித்தால், இரண்டு விரல் குறைச்சலாக, கால் உப்பிக்கொள்ளும். மூன்று விரலோடு ஒரு கால். போதுமே. செருப்பு போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. "நீயும் வாயேன்" என்று காலையில் ராஜாமணியைக் கூப்பிட்டார். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "நான் சிரிச்சா சிரிச்சுட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லுவீங்க. சிரிக்கலன்னா சிரிக்கலன்னு சொல்லுவீங்க. நீங்களும் உங்க ஊருமாச்சு, போயிட்டு வாங்க." பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவள் பொதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான். பொதுவாக.

மேற்கு ரோட்டில் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. வரிசை கட்டாமல், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு. அவர் கட்டையை ஊன்றி இறங்கி, "ஓரமா, ஓரமா, வெள்ளக் கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்றார். அவர் மேலேயே ரோலர் ஏறப்போகிறது, அதற்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் அவர்தான். வேறு யார் இருக்கிறார்கள்? அவர் வேலையில் சேர்வதற்கு முன் இந்த ஊர் சிரித்த லட்சணம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தன் விழுவதற்கு முன்னாலேயே இன்னொருத்தன் சிரித்துவிடுவான், அந்தச் சிரிப்பு வீண். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அடிபட்டால் யாருக்கு யார் சிரிக்கிறார்கள் என்ற கணக்கே இருக்காது. தையல்காரருக்கு ஆட்டுக்காது ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அந்த ஆடு இன்றைக்கும் மனுஷக் காதை வைத்துக்கொண்டு, சந்தையில் தன்னை விலை பேசுகிறவர்களை ஒட்டுக்கேட்டுக்கொண்டு திரிகிறது. பொன்னுரங்கம் வந்து மூன்றே மாசம். விசில் வராமல் யாரும் சிரிக்கக் கூடாது, ஒரு விசிலுக்கு ஓர் ஆள், இரண்டாவது ஆளுக்கு இரண்டாவது விசில். தெருத் தெருவாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். அடம்பிடித்தவர்களை வெயிலில் நிறுத்தினார். கடைசியில் ஊர் அடங்கியது. கன்னம் உப்பச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய விசிலுக்காகக் காத்து நிற்கிற முகங்களைப் பார்க்கும்போது நெஞ்சில் ஒன்று குளிரும். அதைத்தான் மெடலாக அடித்துச் சட்டையில் குத்தினார்கள். மெடல் இதோ, துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எதற்குத் துடைத்தோம் என்று இப்போது வெட்கமாக இருந்தது. நசுங்கப் போகிறவனுக்கு மெடல் என்ன கேடு.

ஒருத்தி மட்டும் அடங்கவில்லை. பழக்காரி மரகதம். வடக்கு மூலையில் வாழைப்பழக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். விசிலாவது கிசிலாவது, யாராவது கால் தடுக்குவதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்ந்து படிக்கட்டில் உருள்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அதைக் கேட்டால் சிரிக்காதவர்களும் சிரித்துவிடுவார்கள். மூன்று தரம் வெயிலில் நிறுத்திப் பார்த்தார். "எனக்கு விசில் வயித்துக்குள்ளயே இருக்கு ஏட்டய்யா, நான் என்ன செய்ய?" என்பாள், அதைச் சொல்லிவிட்டு அதற்கும் சிரிப்பாள். ஆறு வருஷமாக அந்தச் சிரிப்பு இல்லை. மூலை இருக்கிறது, கூடை இருக்கிறது, பழம் கறுத்துப் போய்க் கிடக்கிறது, யாரும் வாங்குவதில்லை. முழுங்கினவள் என்று பெயர். ஏட்டய்யா நசுங்கிக் கிடக்கும்போது வாய்வரை வந்த சிரிப்பை வேண்டுமென்றே முழுங்கினவள். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். மணி பத்தேகால்.

நினைக்காமல் எங்கே போவது? இதே நாலு ரோடு, இதே பங்குனி வெயில். பின்பக்கமாக நடந்துகொண்டே கை காட்டி வண்டிகளை நிறுத்துவது அப்போது அவருடைய தோரணை. திரும்பிப் பார்க்க மாட்டார், வண்டிகள்தான் அவரைப் பார்க்க வேண்டும். காசிம் பாயின் ரோலர் பின்னால் வந்துகொண்டிருந்தது. ரோலர் என்ன ரயிலா, நிறைமாச எருமையைவிட மெதுவாக வரும். அதற்குக்கூடத் திரும்பவில்லை. பாய் கத்தினார். கத்தியது மரியாதைக் குறைச்சலாகப் பட்டது, திரும்பி முறைப்பதற்குள் வலது குதிகாலைப் பிடித்துக்கொண்டது. பிறகு கணுக்கால், ஆடுசதை, முழங்கால், தொடை, நிதானமாக, புடவைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி. இடுப்பருகே வந்து நின்றது. கவிழ்ந்து கிடந்தார், முகம் வடக்கு மூலையைப் பார்த்து, கன்னம் தாரில். ஊர் ஓடி வந்து சுற்றி நின்றது. கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அவர் சொல்லிக்கொடுத்தபடியே நின்றது. கவுன்சிலர் ஜம்புலிங்கம் இரண்டு கையையும் விரித்து, "யாரும் அவசரப்படாதீங்க, விசில் வரட்டும், விசில் வரட்டும்" என்றார். ஒன்று. இரண்டு. மூன்று. கீழே கிடந்தவருக்கு எல்லாம் கேட்டது. நான்கு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஐந்து. விசில் ஊதுகிற ஆளே கீழே கிடந்தால் யார் ஊதுவது என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் சட்டம் சட்டம்தானே. ஆறு. ஏழு. இங்கேதான் எப்போதும் சிக்கிக்கொள்கிறது. ஏழிலிருந்து எட்டுக்குப் போக முடிவதில்லை. சாப்பிடும்போதும், சவரம் செய்யும்போதும், ராஜாமணி தூக்கத்தில் புரளும்போதும், ஏழு, ஏழு, ஏழு. எட்டு ஒன்பது பத்து எப்படிப் போயின என்றே தெரியாது. பத்துக்கு அப்புறம் கம்பவுண்டர் வந்தார், தட்டையாகக் கிடந்ததை இடுப்போரமாகக் கத்தரிக்கோலால் வெட்டிச் சுருட்டினார். வலிக்கவில்லை. காகிதம் வெட்டுகிற சத்தம்தான். வலித்திருந்தாலாவது கத்தியிருக்கலாம்.

அன்றையிலிருந்து ஊர் அவர்மேல் இரக்கப்பட ஆரம்பித்தது. டீக்கடையில் அவர் தலை தெரிந்ததும் பெஞ்சு காலியாகும். பஸ் அவர் ஏறும்வரை நிற்கும், ஏறாத பஸ்ஸும் நிற்கும். போன வருஷம் பித்தளைக் குடம் திருடிக்கொண்டு ஓடினவனைத் துரத்தினார். அவன் நாற்பதடி ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தான், நின்றான், குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "மெதுவா வாங்க ஏட்டய்யா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றான். விலங்கு மாட்டும்போது கட்டையை அவன்தான் பிடித்துக்கொண்டான். திருடனுக்குக்கூட அவரிடம் கருணை. அதைவிடக் கசப்பு, அந்தக் கருணை மெல்ல மெல்லப் பழகிப்போனது. பெஞ்சு காலியாகாத அன்றைக்கு அவருக்கே கோபம் வர ஆரம்பித்தது. இன்றைக்கு மட்டும் இவர்கள் அதை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத் தன்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமாம். எப்படி முடியும்? ஆறு வருஷமாகக் கொட்டாவி விடக்கூட அவர் முன்னால் வாயை மூடிக்கொள்கிறவர்கள்.

"ஒத்திகை ஒண்ணு பாத்துடுவோம்!" ஜம்புலிங்கம் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஒலிபெருக்கி இல்லாமலேயே ஒலிபெருக்கி. "நம்ம ஏட்டய்யா கால் திரும்பற நல்ல நாளு. ஒவ்வொருத்தரும் அடிவயித்துலேர்ந்து சிரிக்கணும். மூக்கால சிரிக்கறவன் இப்பவே வீட்டுக்குப் போயிடு. எங்க, ஏட்டய்யாவப் பாத்து, ஒண்ணு ரெண்டு மூணு!" ஊர் சிரித்தது. ஹ ஹ ஹ என்று, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. வாய்கள் சிரித்தன, கண்கள் அத்தனையும் அவருடைய மடித்துக் குத்திய காக்கிக் கால்சட்டையைப் பார்த்து ஈரமாயின. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். "என்னய்யா இது, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி!" என்று ஜம்புலிங்கம் கத்தினார். "தபாலு, உனக்குத்தான் சிரிப்பு நல்லா வருமே?" "வருது கவுன்சிலரே, ஏட்டய்யா முகத்தப் பாத்தா திரும்பிப் போயிடுது." பொன்னுரங்கம் குனிந்தார். இடது காலைப் பார்த்தார். பாலிஷ் போட்ட பூட்ஸுக்குள் ஐந்து விரலும் அசைந்தன. ஐந்தையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார், சுண்டுவிரல் கொஞ்சம் சோம்பேறி, எப்போதுமே அப்படித்தான். இந்த விரலைப் போய் இவர்களை நம்பி ரோலருக்கு அடியில் வைப்பதா? ராஜாமணி இரண்டு பாயாகச் சுருட்டிப் பரணில் ஏற்றுவாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம். நாளைக்கு இன்னொரு விரல் பூச்சிக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.

ஏழில் மரகதத்தின் வாய். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே, தரையோடு தரையாகக் கிடந்த அவருக்கு நேர் எதிரே, கூடைக்குப் பின்னால் குந்தியிருந்த அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. அவளுக்கு விசில் கிசில் எதுவும் வேண்டாமே. உதடு துடித்தது, கன்னத்தில் குழி விழுந்தது, வாய் திறந்தது, அந்த மூட்டை அவிழப்போகிறது, அவிழ்ந்தால் ஊர் பிடித்துக்கொள்ளும், ஊரே அவரைப் பார்த்து, கவிழ்ந்து கிடக்கிற அவரை, புட்டத்தில் ரோலர் நிற்கிற அவரை, மெடல் வாங்கின அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் முறைத்தார். அவ்வளவுதான் செய்தார். ஊரை எல்லாம் அடக்கின அதே முறைப்பு. அவள் வாய் மூடிக்கொண்டது. அவர் முகத்தை வேறு யாரும் பார்க்கவில்லை, அவள் மூடியதை எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் எட்டு. விசில் எங்கும் போகவில்லை, அவர் பல்லுக்கிடையில்தான் இருந்தது. மூச்சும் இருந்தது. ஊதினால் சிரிப்பார்கள் என்று தெரிந்தே, ஒன்பது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பத்து. இதுதான் நடந்தது. ஆறு வருஷத்தில் இதை முழுசாக இன்றைக்குத்தான் எண்ணி முடித்திருக்கிறார். இதை யாரிடமாவது சொல்லியிருந்தால் அவள் கூடையில் பழம் கறுத்திருக்காது. சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒரு காரணம் இல்லை, தினம் ஒரு காரணம் இருந்தது.

கிழக்கே தரை அதிர்ந்தது. ரோலர் வந்துவிட்டது. மேலே காசிம் பாய், பெருநாள் சட்டை, தாடியில் அத்தர் வாசனை. அன்றைக்கு ஏற்றினவரும் இவர்தான், அதற்கு அப்புறம் பொன்னுரங்கத்தைப் பார்த்தால் தெரு மாறிப் போகிறவரும் இவர்தான். பத்தடி தள்ளி நிறுத்தி, "ஏட்டய்யா, ஏத்தவா?" என்று அழுகிற குரலில் கேட்டார். "இருங்க பாய், படுத்துக்கறேன்." கட்டையை மேடைமேல் சாய்த்தார். தபால்காரர் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார். தார் சட்டைக்குள் சுட்டது. புடவையைப் பிரித்து, காகிதக் காலை எடுத்து இடுப்புப் பெல்ட்டில் செருகிப் பொருத்தினார்கள், வெயிலில் அது மொறமொறவென்று சுருண்டு சுருண்டு நிமிர்ந்தது. விசிலை வாயில் கவ்விக்கொண்டு கன்னத்தைத் தாரில் வைத்தார். வடக்கு மூலை. கூடைக்குப் பின்னால் அதே முகம், ஆறு வருஷம் ஒட்டிப்போய். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தார். உதடு துடிக்கிறதா? துடிக்கிற மாதிரிதான் இருந்தது. ஊரில் இந்த ஒருத்திக்குத்தான் அவர்மேல் இரக்கம் இல்லை. அவரைக் காப்பாற்றக்கூடிய சிரிப்பு ஊரிலேயே அந்த ஒரு வயிற்றில்தான் இருக்கிறது. முறைக்காமல் இருந்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டால் போதும். மூடிக்கொள்ளப் போனார்.

அப்போதுதான் ஜம்புலிங்கம் அவளைப் பார்த்தார். "ஏய் மரகதம்! உன்ன யாரு வரச் சொன்னா? அன்னைக்கு முழுங்கினது பத்தலயா?" கூட்டம் திரும்பியது. "இவ நின்னா வெளங்குமா? அதான் ஒத்திகையில சிரிப்பே வரல" என்றது ஒரு குரல். மரகதம் எழுந்திருக்கவில்லை. "ரோடு உங்க அப்பன் போட்டதா கவுன்சிலரே? நான் தெனைக்கும் உக்கார்ற எடத்துல உக்காந்திருக்கேன். நீங்கதான் வந்திருக்கீங்க." "பாத்தீங்களா வாய! இந்த வாயி அன்னைக்கு எங்க போச்சு?" இரண்டு பேர் கூடையைக் காலால் தள்ளினார்கள். ஜம்புலிங்கம் குனிந்து பொன்னுரங்கத்தின் காதருகே வந்தார். "ஏட்டய்யா, நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. நீங்க போன்னா போயிடுவா. அவ போனாத்தான் ஊருக்கு மனசு லேசாகும், சிரிப்பும் வரும். உங்க காலு அதுலதான் இருக்கு." ஒரு வார்த்தை. ஆறு வருஷமாகச் சொல்லாமல் செய்ததை இன்றைக்கு வாயால் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சொன்னால் ஊர் ஒன்றாகும், ஒன்றான ஊர் ஒருவேளை சிரிக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாயிலிருந்த விசில் நழுவித் தாரில் விழுந்தது. "அவ முழுங்கல" என்று கேட்டது. தன் குரல்தான் என்று புரியக் கொஞ்சம் நேரமானது. "என்னது?" "அவ முழுங்கலய்யா. நான்தான் முறைச்சேன். சிரிச்சா பாத்துக்கன்னு முறைச்சேன். விசிலும் என் வாயிலதான் இருந்துச்சு. மூச்சும் இருந்துச்சு. நான்தான் ஊதல."

ஜம்புலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏன் ஊதல?" "ஊதினா நீங்கல்லாம் என்னப் பாத்துச் சிரிப்பீங்களே." "அதுக்கு?" "அதான்." ஜம்புலிங்கம் யோசித்தார். "அப்போ… சிரிப்போமேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு… காலையே விட்டுட்டீங்களா?" தபால்காரரின் மூக்கிலிருந்து சோடா உடைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாயைப் பொத்தினார், விரலிடுக்கில் பீறிட்டது. பக்கத்தில் நின்றவர் அவரை அதட்டத் திரும்பினார், அதட்ட முடியவில்லை. ஜம்புலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். "காலையேய்யா! முழுக் காலையும்!" நாலு ரோடும் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பைக் கிறுக்கலூர் கேட்டதில்லை. ஆறு வருஷ இரக்கம் மொத்தமும் புளித்துப் பொங்கி வழிகிற மாதிரி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, தரையை அடித்து, கண்ணில் நீர் வழிய.

பொன்னுரங்கத்துக்கு ஒரு நொடி புரியவில்லை, மறுநொடி எல்லாம் புரிந்தது. இதுதான். இந்தச் சிரிப்புதான். "இப்ப இல்லய்யா! இருங்க, இருங்க! பாய், ஏத்துங்க வண்டிய! சீக்கிரம் ஏத்துங்க!" காசிம் பாய் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தார், முதுகு குலுங்கியது. "முடியல ஏட்டய்யா… ஒரு நிமிசம்… நான் ஆறு வருசமா தூங்காம… நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு… கால் பிரேக்க விட்டு வரமாட்டேங்குது…" "பாய்! உங்கள கும்புடறேன் பாய்!" கையால் தாரைப் பிடித்து ரோலரை நோக்கி ஊர்ந்தார், காகிதக் கால் பின்னால் இழுபட்டு வந்தது. கும்பிடக் கும்பிட ஊர் இன்னும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு, நாலு ரோட்டில் கூட்டம் விழுந்து புரண்டதில் நெளிந்ததெல்லாம் நிமிர்ந்தது. சாய்ந்த விளக்குக் கம்பம் நேரானது, டீக்கடைக்காரரின் சொட்டை விழுந்த பாய்லர் டொப்பென்று உப்பியது, சாக்கடையோரம் அப்போதுதான் மிதிபட்டுக் கிடந்த ஓணான் ஒன்று எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மரமேறியது. ரோலர் ஏறாதவனுக்கு என்ன நிமிரும்?

காசிம் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தபோது சிரிப்பு விக்கலாக மாறியிருந்தது. ரோலர் ஓரடி வந்தது, ஈரடி வந்தது. விக்கல் பெருமூச்சானது. "அப்பா… வயிறு வலிக்குது" என்றார் யாரோ. பொன்னுரங்கம் கவிழ்ந்தபடியே முகங்களைப் பார்த்தார். விருந்து முடிந்த இலை மாதிரி காலியான முகங்கள். கையை உயர்த்தினார். ரோலர் இடது பூட்ஸுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. "நாளைக்குப் பாப்பமா?" என்று பாய் கேட்டார். "ஒரு விஷயத்துக்கு ஊரு ரெண்டு தரம் சிரிக்குமா பாய்?" பாய் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். கூட்டம் கலைந்தது. போகிறபோது ஜம்புலிங்கம், "நல்ல ஆளு போ நீயி" என்று தொடையில் தட்டிவிட்டுப் போனார், காகிதத் தொடையில். அது முழங்காலுக்கு மேலே கிழிந்துபோனது, அவர் கவனிக்கவில்லை. தபால்காரர், "வரட்டா ஏட்டு" என்றார். குரல் தழையவில்லை. அய்யாவும் இல்லை. எழுந்திருக்கக் கை கொடுக்கவும் இல்லை. இதைத்தானே கேட்டோம் என்று நினைத்தார். கேட்டது கிடைத்துவிட்டது, அதனோடு கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. போகிற வழியில் இரண்டு பேர் வடக்கு மூலையில் நின்று, "ஒரு சீப்பு குடு மரகதம்" என்று இளித்தார்கள். கூடை நிறையப் பழத்தோடு, "வித்துப்போச்சு" என்றாள் அவள்.

எல்லோரும் போன பிறகு எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு, அவரிடம் வந்தாள். மேடையிலிருந்த கட்டையை எடுத்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. ஊன்றி எழுந்து நின்றார். "நீ சிரிக்கல" என்றார். "மரகதம், அன்னைக்கு நான் அப்படிப் பாத்ததுல நீ பயந்துட்ட…" "பயமா?" என்றாள். "மூணு தரம் வெயில்ல நிக்க வச்சீங்க, பயந்தேனா? அந்த மூஞ்சில கெஞ்சல் தெரிஞ்சுது ஏட்டய்யா. சிரிக்காதன்னு ஒரு மனுஷன் கெஞ்சறானேன்னுதான் வாய மூடினேன். உங்க பேச்ச நான் கேட்டது அந்த ஒரு தரந்தான்." கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மேற்கு ரோட்டில் வண்டி ஒன்றும் வரவில்லை. பழக்கத்தில் பொன்னுரங்கத்தின் கை உயர்ந்து, வராத வண்டிகளை அவளுக்காக நிறுத்தியது. அந்தக் கையைப் பார்க்காமல், அவசரமும் இல்லாமல், மரகதம் ரோட்டைத் தாண்டி நடந்து போனாள்.